துடைப்பத்தில் தொடங்குங்கள்: தார்ப் பாலையில் தனியே காரோட்டிப் போவோருக்கு

ராஜஸ்தானின் மேற்குப் பாதியைத் தனியாகக் காரில் சுற்றி, அங்குள்ள கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் பாழூர்களையும் பார்த்துவர விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஜோத்பூரில் புறப்பட்டு, ஜெய்சல்மேர், பிகானேர், காளிபங்கன், நாகௌர் வழியாக மீண்டும் ஜோத்பூருக்கே வந்து சேரும் இந்தச் சுற்று, பக்கவழிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் வரும். பத்து நாட்களில் முடித்துவிடலாம் என்றாலும் பன்னிரண்டு நாட்கள் ஒதுக்குவதே நல்லது. இருவராகப் போனால் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கண்ணயரலாம், வழி பார்க்கலாம். தனியாகப் போகிறவருக்கு ஓட்டுவதும் வழி பார்ப்பதும் களைப்பதும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. ஆகவே நீண்ட ஓட்டமும் பெரிய அருங்காட்சியகமும் ஒரே நாளில் சேரக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டுதான் நான் நாட்களைப் பிரிக்கிறேன். 300 கிலோமீட்டர் ஓட்டிய நாளில், வழியில் உள்ள ஒரு கோயிலையோ குளத்தையோ மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

காலம் ஐப்பசிப் பிற்பகுதி முதல் மாசி முடிய. இந்த வழியிலேயே வரும் பலோடி என்னும் ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று என்பதை நினைவில் கொண்டால், கோடை விடுமுறையில் போகும் எண்ணம் தானாகவே விலகும். மார்கழி, தை மாதங்களில் பகல் இதமாக இருக்கும். ஆனால் பிகானேருக்கு வடக்கே காலையில் மூடுபனி சாலையை மறைத்துவிடுவது உண்டு. அந்தப் பகுதிக்கான நாட்களில் ஒன்பது மணிக்கு முன் வண்டியை எடுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக் காரிலேயே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலையைத் தொடுவதற்கு முன்பே நான்கு நாள் களைப்பு உடம்பில் ஏறியிருக்கும். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கும், மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாரம் ஒருமுறை நேரடி ரயில்கள் உள்ளன. ரயிலில் போய் இறங்கி, ஓட்டுநர் இல்லாத வாடகைக் காரை அங்கே எடுத்துக்கொள்வது போதுமானது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி தேவையில்லை. சாலையை விட்டு இறங்காதவரை சாதாரண சிறிய கார் எல்லா இடத்துக்கும் போகும்.

காரை வாங்கும்போது கீறல்களைப் படமெடுப்பதோடு நிறுத்திவிடாமல், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காற்றை அளந்து பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அந்த வண்டிக்கு உரியவைதானா என்று ஒரு நட்டில் பொருத்திப் பாருங்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட வண்டியில் ஸ்டெப்னி இருந்தது, அதில் காற்று இல்லை. ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆட்டுக்கிடைக்கு அருகில்தான் அதைக் கண்டுபிடித்தேன். சிகரெட் லைட்டரில் இணைத்து இயக்கும் சிறிய காற்றடிக்கும் கருவி ஒன்றை அதன்பிறகு எப்போதும் உடன் வைத்துக்கொள்கிறேன். அதோடு பத்து லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், டார்ச், இணையம் இல்லாமலும் இயங்கும் வரைபடம், தங்குமிடங்களின் தொலைபேசி எண்களைக் கையால் எழுதிய ஒரு தாள் ஆகியவையும் வேண்டும். அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 ஆகிய எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும், இன்று எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நமக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதர் வழியில் எங்கோ இருக்கிறார் என்பது தனிப் பயணத்தில் பெரிய பாதுகாப்பு.

பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இருட்டிய பின் ஓட்டாதீர்கள்; மாடும் ஒட்டகமும் நீல்காய் என்னும் பெரிய மானினமும் சாலையின் வெதுவெதுப்பைத் தேடி வருகின்றன, ஒட்டகத்தின் கால்கள் உயரமாக இருப்பதால் மோதினால் அதன் உடல் நேராக முன்கண்ணாடியில் வந்து விழும். வெயிலின் திசையையும் கணக்கில் எடுங்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு மேற்கு நோக்கிப் போகிறீர்கள். விடிந்ததும் புறப்பட்டால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மதியத்துக்குப் பின் புறப்பட்டால் அந்த நேர்கோட்டுச் சாலை முழுவதும் கண்ணில் அடிக்கும். ஜெய்சல்மேரிலிருந்து கிழக்கே திரும்பும் நாளில் இது தலைகீழாகும். இந்தச் சாலைகள் குண்டும் குழியுமாக இருப்பதில்லை. வளைவே இல்லாமல் நன்றாக இருப்பதால் தூக்கம் வரும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஜோத்பூர்: கோட்டைக்கு முன் துடைப்பம்

ஜோத்பூரில் இறங்கியவர் எல்லோரும் முதலில் மெஹ்ரான்கட் கோட்டைக்குத்தான் ஓடுகிறார்கள். நீங்கள் ஒரு நாள் பொறுத்து, நகருக்கு வெளியே மோக்லாவாஸ் கிராமத்துக்கு அருகில் பழைய கல்குவாரி ஒன்றில் அமைந்திருக்கும் அர்ணா ஜர்ணா என்னும் பாலைவன அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். நாட்டார் வழக்காற்று அறிஞர் கோமல் கோத்தாரி தம் இறுதிக் காலத்தில் உருவாக்கியது அது. அங்கே வாளும் கிரீடமும் இல்லை. முதன்மையான காட்சிப்பொருள் துடைப்பம்.

கோத்தாரி ராஜஸ்தானை அரசர்களின் எல்லைகளைக் கொண்டு பிரிக்காமல், மக்கள் உண்ணும் தானியத்தைக் கொண்டு கம்பு மண்டலம், சோள மண்டலம், மக்காச்சோள மண்டலம் என்று மூன்றாகப் பிரித்தார். எங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்பதே எந்தத் தானியம் விளையும், எந்தப் புல் முளைக்கும், எந்தக் கால்நடை பிழைக்கும், அதனால் எந்த வகைத் துடைப்பம் கட்டப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது. துடைப்பம் திருமகளின் உருவம், அதை மிதிக்கக் கூடாது என்னும் நம்பிக்கை நம் வீடுகளைப் போலவே அங்கும் உண்டு. ஒரு முற்பகலை இங்கே செலவழித்தவருக்கு, அடுத்த பத்து நாட்களும் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடும் நிலம் வெறும் மணலாகத் தெரியாது. நான் முதன்முறை போனபோது இதைக் கடைசியில் பார்த்தேன். வந்த வழியெல்லாம் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை கோட்டை. ராவ் ஜோதா 1459இல் அடிக்கல் நாட்டிய மெஹ்ரான்கட்டுக்கு ஒரு தண்ணீர்க் கதை உண்டு. குன்றின்மேல் வாழ்ந்த துறவி ஒருவரை வெளியேற்றியதால் அவர் வறட்சி நேரும் என்று சபித்தாராம். அந்தச் சாபம் தீர ராஜாராம் மேக்வால் என்னும் எளிய மனிதர் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்கிறது மரபு. அவருக்கான நினைவிடம் கோட்டைக்குள் இருக்கிறது. அங்கே நின்றுவிட்டு மேலே ஏறுங்கள். லோகா போல் என்னும் வாயிலின் பக்கச் சுவரில் உடன்கட்டை ஏறிய அரசியரின் கைத்தடங்கள் வரிசையாகப் பதிந்துள்ளன. உள்ளே அருங்காட்சியகத்தில் பல்லக்குகளும் அம்பாரிகளும் உள்ள கூடங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். 1657இல் ஷாஜஹான் ஜோத்பூர் அரசர் ஜஸ்வந்த் சிங்குக்கு அளித்த வெள்ளி அம்பாரி அங்கே உள்ளது. படைக்கலக் கூடத்தை நான் விரைவாகவே கடந்தேன். எல்லாக் கோட்டைகளிலும் வாள் இருக்கிறது.

கோட்டையின் அடிவாரத்திலேயே 2011இல் திறக்கப்பட்ட ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. நம் கண்மாய்களைப் பாழாக்கிய அதே சீமைக் கருவேலம் இங்கும் எரிமலைப் பாறைப் பிளவுகளுக்குள் வேர்விட்டு எல்லாவற்றையும் மூடியிருந்தது. காண்ட்வாலியா எனப்படும் பரம்பரைக் கல்லுடைப்பாளர்களை அழைத்து, உளியும் சுத்தியலுமாகப் பாறையைக் குடைந்து வேரோடு அதைப் பெயர்த்து எடுத்த பிறகே இம்மண்ணுக்குரிய செடிகளை நட முடிந்தது. கோட்டையிலிருந்து இறங்கிப் பிற்பகல் வெயில் தணிந்ததும் இதற்குள் நடந்து பாருங்கள்.

மூன்றாம் நாள், ஜோத்பூரிலிருந்து தென்கிழக்கே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில் உள்ள கேஜர்லி கிராமத்துக்குப் போகலாம். 1730இல் அரண்மனைக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு சுட விறகு வெட்ட வந்த அரசு ஆட்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிப்பிடித்தபடி அம்ரிதா தேவி முதலாக பிஷ்னோய் என்னும் சமயப் பிரிவினர் 363 பேர் உயிர்விட்ட இடம் இது. அவர்கள் காத்த கேஜ்ரி வேறொன்றுமில்லை, விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் நம் வன்னிதான். மதிய உணவில் கேர் சாங்ரி என்று ஒரு பொரியல் வந்தால் அந்தச் சாங்ரி வன்னியின் காய் என்பதை அறிந்து உண்ணுங்கள். கம்பு ரொட்டியோடு அது சேரும் விதம் தனி.

ஜெய்சல்மேருக்குப் போகும் வழி

நேர்வழியைவிட ஓசியான் வழியாகப் போவதையே விரும்புவேன். ஜோத்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் உள்ள இவ்வூரில் பிரதிகார அரசர் காலத்து, 8ஆம், 9ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் உள்ளன. குன்றின்மேல் உள்ள சச்சியா மாதா கோயிலில் கூட்டம் இருக்கும். ஊருக்குள் சிதறியிருக்கும் சிறிய ஹரிஹரர் கோயில்களில் பெரும்பாலும் நீங்கள் மட்டுமே இருப்பீர்கள். வணிகக் கூட்டங்கள் இவ்வழியாகப் போனதால்தான் மணலுக்கு நடுவில் இத்தனை சிற்பம் செதுக்கக் காசு இருந்தது.

பலோடியைத் தாண்டிப் பொக்ரான். இந்தப் பகுதியின் மணலுக்குக் கீழேதான் 1974 மே 18 அன்றும், 1998 மே 11, 13 ஆகிய நாட்களிலும் அணுவெடிச் சோதனைகள் நடந்தன. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அந்நாட்களில் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற புனைபெயரில் ராணுவச் சீருடை அணிந்து இங்கே நடமாடினார். சோதனைக் களம் தடைசெய்யப்பட்ட இடம். தேடிக்கொண்டு பக்கச் சாலையில் திரும்பாதீர்கள். பொக்ரான் கோட்டையில் தேநீருக்கு நின்றால் போதும்.

ஜெய்சல்மேரில் நான்கு இரவுகள் தங்குங்கள், ஆனால் கோட்டைக்குள் தங்காதீர்கள். இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராவல் ஜெய்சல் 1156இல் நிறுவிய இக்கோட்டை இன்றும் மக்கள் குடியிருக்கும் கோட்டை. 2013இல் ராஜஸ்தானின் ஐந்து பிற மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. குடத்தில் சுமந்துவந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த மக்களுக்காக எழுப்பப்பட்ட குன்று அது. குழாய் வந்து, விடுதிகள் பெருகி, ஒவ்வோர் அறையிலும் குளியலறை முளைத்த பிறகு, வடிகாலுக்குள் அடங்காத நீர் அடியிலுள்ள களிமண்ணுக்குள் கசிந்து, கொத்தளங்களும் புறச்சுவரும் சரியத் தொடங்கின. பாலைவனக் கோட்டை ஒன்று தண்ணீரால் இடிகிறது. அதை ரசிக்கப் போகிறவர் அதற்குள்ளேயே குளித்துத் தங்க வேண்டியதில்லை. கீழே நகரில் நல்ல விடுதிகள் வேண்டிய அளவு இருக்கின்றன.

கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களைக் காலையில் பாருங்கள்; பார்வையாளருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முற்பகல்தான். தோல் இடைவாரையும் தோல் பணப்பையையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் வாயிலில் தடுமாற வேண்டாம். இங்குள்ள ஞான பண்டாரம் என்னும் நூலகம் சமணச் சுவடிகளைப் பல நூற்றாண்டுகளாகக் காத்துவருகிறது. 1060இல் எழுதப்பட்ட, ஓவியங்களுடன் கூடிய ஓகநிர்யுக்தி ஓலைச்சுவடி இங்கிருந்துதான் கிடைத்தது. காலம் குறிக்கப்பட்ட சமண ஓவியச் சுவடிகளில் அதுவே மிகப் பழையது. ஓலை இந்த மண்ணில் விளைந்ததில்லை, தொலைவிலிருந்து வணிகத்தோடு வந்தது. நம் ஊரில் முந்நூறு ஆண்டு ஓலையே பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்புவது அரிதாக இருக்க, இங்கே வறண்ட காற்று ஆயிரம் ஆண்டு ஓலையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

நகருக்குள் பட்வா மாளிகைகள் ஐந்தும் ஒரே வணிகக் குடும்பத்துக்கு உரியவை. அவற்றுள் அருங்காட்சியகமாக உள்ள ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், மற்றவற்றின் சாளர வேலைப்பாட்டைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பதே அழகு. மாலையில் கடிசர் ஏரிக்குப் போங்கள். குழாய் நீர் வருவதற்கு முன் ஊரே இந்த ஏரியை நம்பித்தான் இருந்தது. அதன் வாயிலைத் திலோன் என்ற கணிகை கட்டினாள் என்றும், கணிகை கட்டிய வாயிலின் கீழ் அரசன் நுழைவதா என்று அரண்மனை எதிர்த்தபோது அவள் அதன் உச்சியில் கண்ணனுக்குக் கோயில் ஒன்றை எழுப்பி யாரும் இடிக்க முடியாதபடி செய்துவிட்டாள் என்றும் கதை சொல்வார்கள். ஏரிக்கு அருகே, உள்ளூர் ஆசிரியரும் வரலாற்று ஆர்வலருமான என். கே. சர்மா தாம் சேகரித்தவற்றைக் கொண்டு அமைத்த பாலைவனப் பண்பாட்டு மையம் இருக்கிறது. இதை இன்று பார்க்க வேண்டாம். குல்தராவுக்குப் போய்வந்த பிறகு பாருங்கள்.

இடம் முதலா, அருங்காட்சியகம் முதலா

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், வரிசையைத்தான் சொல்வேன். கண்ணுக்குத் தெரியும்படி சுவரும் தெருவும் நிற்கிற இடமானால், முதலில் இடத்துக்குப் போய்க் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு பிறகு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மண்மேடு மட்டுமே மிஞ்சிய இடமானால், அருங்காட்சியகத்தில் பொருட்களைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு பிறகு மேட்டுக்குப் போக வேண்டும்.

குல்தரா முதல் வகை. ஜெய்சல்மேருக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்குள் உள்ள இந்த ஊரைப் பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கைவிட்டுப் போனார்கள். திவான் சலீம் சிங் ஊர்த்தலைவர் மகளைக் கேட்டதால் ஒரே இரவில் எல்லோரும் வெளியேறினர் என்ற கதையையும், பேய்க் கதையையும் வாயிலிலேயே உங்களிடம் சொல்லிவிடுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வரி நெருக்கடி, வற்றிப்போன நீர், நிலநடுக்கம் எனப் பிற காரணங்களையும் ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். எனக்கு ஊர் காலியானதைவிட, ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத மண்ணில் இத்தனை வீடுகள் எப்படி நிறைந்திருந்தன என்பதே பெரிய கேள்வியாகப் பட்டது.

விடை கதீன். பாறைச் சரிவில் விழும் மழை ஓடிவந்து தாழ்ந்த நிலத்தில் தேங்கும்படி குறுக்கே நீண்ட மண்கரை ஒன்றைப் போடுவார்கள். நம் ஏரிக்கரை போலத்தான்; ஆனால் மதகு திறந்து வேறு வயலுக்குப் பாய்ச்சுவதில்லை. ஏரியே வயலாகும். மழைக்காலம் முடிந்து நீர் மண்ணுக்குள் இறங்கியதும், ஈரம் ஊறிய அந்தப் படுகையிலேயே கோதுமையும் கடலையும் விதைத்து, மேற்கொண்டு ஒரு சொட்டும் பாய்ச்சாமல் பனிக்காலம் முடிந்ததும் அறுப்பார்கள். குல்தராவிலிருந்து காபா கோட்டைக்குப் போகும் சாலையில் இந்தக் கரைகளைக் காரிலிருந்தே காணலாம். காபா கோட்டை மதிலின்மேல் நின்று கீழே விரியும் பாழூரைப் பார்த்துவிட்டு, மாலையில் நகருக்குத் திரும்பிப் பண்பாட்டு மையத்துக்குள் நுழையுங்கள். உழுகருவியும் நீர்த்தோண்டியும் அப்போது உங்களோடு பேசும்.

இவ்வழிகளில் படமெடுக்க ஓரமாக இறங்கி மணலில் சக்கரம் புதைந்தால், ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்க வண்டி குழி தோண்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கை நேராக்கி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைக் கையால் அள்ளி, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, கால்மிதியடிகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். சாலைக்கு வந்ததும் காற்றடித்த பிறகே வேகம் கூட்டுங்கள். இதைவிட எளிய வழி, தார்ச்சாலையிலேயே நிறுத்த இடம் பார்ப்பது.

பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் அகல் கல்மரப் பூங்கா. 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்தது என்பதற்குச் சாட்சியாகக் கல்லாகிப்போன அடிமரங்கள் கிடக்கின்றன. விழுப்புரத்துக்கு அருகே திருவக்கரையைப் பார்த்தவர்களுக்கு இது உறவுக்காரர் வீடு போலிருக்கும். நிழல் இல்லை, காலை எட்டரைக்குள் போய் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். பழைய தலைநகரான லொதுர்வாவும், அரசர்களுக்கான படா பாக் சமாதி மண்டபங்களும் ஒரு பிற்பகலில் அடங்கும்.

எல்லைப் பக்கம் போகும் நாள் தனி நாள். ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட், தனோட், லோங்கேவாலா, மீண்டும் ராம்கட் எனச் சுற்றினால் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். ராம்கட்டில் டேங்க்கை நிரப்புங்கள். அதற்குப் பிறகு கைப்பேசியை நம்பாதீர்கள். தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர் நடத்துகிறார்கள். 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகள் அங்கே காட்சியில் உள்ளன. லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியின் கீழ் இருந்த ஏறத்தாழ 120 வீரர்கள் டாங்கிப் படையொன்றை விடியும்வரை தடுத்து நிறுத்தினார்கள். இரவில் பறக்கும் வசதியில்லாத ஹண்டர் விமானங்கள் ஜெய்சல்மேரிலிருந்து விடிந்ததும் வந்து டாங்கிகளைச் சிதைத்தன. அந்த டாங்கிகள் சில இன்றும் அந்த மணலில் நிற்கின்றன. முதலில் இங்கே வந்து நிலத்தின் வெட்டவெளியைக் கண்டுவிட்டு, பிறகு ஜோத்பூர் சாலையில் உள்ள ஜெய்சல்மேர் போர் அருங்காட்சியகத்துக்குப் போனால், வரைபட அம்புக்குறிகளுக்குப் பொருள் விளங்கும். ராணுவ வண்டிகளையும் காவற்சாவடிகளையும் படமெடுக்காதீர்கள், டிரோனைக் கொண்டுபோகவே வேண்டாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பிற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இப்பகுதிக்குப் புறப்படும் முன் ஜெய்சல்மேர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.

பிகானேரும் உழுத வயலும்

ஜெய்சல்மேரிலிருந்து பிகானேருக்கு 330 கிலோமீட்டர். கிழக்கு வெயில் சற்று ஏறியபின் புறப்பட்டு, ராம்தேவ்ராவில் உண்டு, பலோடிக்கு அருகில் கிச்சன் கிராமத்துக் குளக்கரையில் பனிக்காலத்தில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கான கொக்குகளைப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் சேர்ந்துவிடுங்கள்.

பிகானேரின் ஜூனாகட் 1589 முதல் 1594 வரை, அக்பரின் படைத்தலைவர்களுள் ஒருவரான ராஜா ராய் சிங் கட்டியது. குன்றில்லாமல் சமதரையில் நிற்கும் கோட்டை. அனூப் மஹலின் பொன்வேலை, மேகமும் மழையும் தீட்டிய பாதல் மஹல் ஆகியவற்றை எல்லோரும் காட்டுவார்கள். மழை அரிதான ஊரில் அரசன் தன் அறைச் சுவரெல்லாம் மழையை வரையச் சொல்லியிருக்கிறான். உள்ளே முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்றும் நிற்கிறது.

ஆனால் பிகானேரில் ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கோட்டையை விட்டுவிட்டு 1937இல் திறக்கப்பட்ட கங்கா அரசு அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வேன். அங்குள்ள சுடுமண் சிற்பங்களில் பலவற்றைச் சேகரித்தவர் லூயிஜி பியோ டெஸ்ஸிடோரி என்ற இத்தாலியர். உதினே நகரில் 1887இல் பிறந்து, பழைய மார்வாரி மொழியின் மீது பற்றுக்கொண்டு 1914இல் இந்தியா வந்து, ஒட்டகத்தில் ஊர் ஊராகச் சென்று பாணர் பாடல்களின் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பதிவு செய்தார். காளிபங்கன் மேட்டில் அவருக்கு விளங்காத எழுத்துள்ள முத்திரைகள் கிடைத்தன. ஆரியருக்கு முந்திய காலமோ என்று ஐயுற்றார். தாய் நோயுற்ற செய்தி வந்து 1919இல் இத்தாலிக்குப் போனபோது அவர் சேரும் முன்பே தாய் இறந்துவிட்டார். திரும்பி வந்த அவரும் நோயுற்று அதே ஆண்டு நவம்பர் 22 அன்று, 32 வயது நிறையும் முன், பிகானேரில் காலமானார். அந்த முத்திரைகளுக்கு உரிய சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924இல். டெஸ்ஸிடோரியின் கல்லறை பிகானேரிலேயே இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியாது, விசாரித்துப் போக வேண்டும்.

அவரைத் தெரிந்துகொண்ட பிறகு காளிபங்கனுக்குப் போவது வேறு அனுபவம். பிகானேரிலிருந்து சூரத்கட் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போய் அன்றே திரும்புவதைவிடச் சூரத்கட்டிலோ ஹனுமான்கட்டிலோ ஓர் இரவு தங்குங்கள். இங்கே அருங்காட்சியகம்தான் முதலில். இந்தியத் தொல்லியல் துறையின் இந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பயணத் திட்டம் முழுவதையும் அந்த வெள்ளியைத் தவிர்க்கும்படி பின்னோக்கிப் போடுங்கள். பி. பி. லால், பி. கே. தாப்பர் ஆகியோர் 1960களில் நடத்திய அகழாய்வில் கிடைத்த பானைகள், முத்திரைகள், வளையல் துண்டுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மேட்டுக்கு நடந்தால், காலடியில் மின்னும் கறுத்த வளையல் துண்டுகள்தாம் ஊருக்குக் காளிபங்கன் என்ற பெயரைத் தந்தன என்பது தெரியும். ஒன்றையும் எடுக்காதீர்கள், எடுப்பது குற்றம்.

அந்தப் பழைய குடியிருப்பின் மதிலுக்கு வெளியே, ஏறத்தாழ கி.மு. 2800 அளவில் உழுத வயல் ஒன்று இங்கே வெளிப்பட்டது. ஒரு திசையில் சால்கள் நெருக்கமாக, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடைவெளியில். குறுக்குத் திசையில் அகலமாக, 1.90 மீட்டர் இடைவெளியில். அகழ்ந்தவர்கள் அக்கம்பக்கத்து வயல்களைப் பார்த்தபோது, அதே கணக்கில் நெருக்கச் சாலில் ஒரு பயறும் அகலச் சாலில் கடுகுமாக உழவர்கள் அப்போதும் ஊடுபயிர் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக்காக அந்த வயலை மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டதால் இன்று காண இயலாது. அருங்காட்சியகத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டு, வெளியே வந்து, வறண்ட கக்கர் ஆற்றுப் படுகைக்கு அப்பால் கால்வாய் நீரில் மஞ்சளாகப் பூத்திருக்கும் கடுகு வயல்களைப் பாருங்கள். தை மாதம் என்றால் நிச்சயம் பூத்திருக்கும்.

திரும்பும் வழியில் பிகானேரைக் கடந்து நாகௌர். அஹிச்சத்ரகட் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். அரை நாள் கொடுங்கள். கிணற்றிலிருந்து இறைத்த நீரை வாய்க்கால்களில் ஓடவிட்டு, அரண்மனைக் கூடங்களைக் குளிர்வித்து, நீச்சல் குளத்தையும் நீரூற்றுகளையும் நிரப்பிய அமைப்பு முழுவதும் கவனமாகச் சீரமைக்கப்பட்டிருக்கிறது. 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது இதற்குக் கிடைத்தது. வாய்க்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் நடப்பதே இக்கோட்டையைப் பார்க்கும் முறை.

நாகௌரிலிருந்து ஜோத்பூர் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். காரை ஒப்படைக்கும் முன் டேங்க்கை நிரப்பி, இருக்கையடி மணலைத் தட்டி, ஓடிய கிலோமீட்டர் எண்ணையும் நான்கு பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் கணக்கில் சுங்கக் கட்டணம் எவ்வளவு கழிந்தது என்று அங்கேயே கேட்டு, முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.